காவடிச் சிந்தும் ஒரு கிடார் பொட்டியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. சோம்பேறித்தனம்னு நினைச்சா, அதுவும்தான். ஆனா அது மட்டுமில்லை. ஊர்ல, வீரகேரளம்புதூர் பழைய வீட்டு மாடி ரூம்ல, ஒரு கிடார் எஃபெக்ட்ஸ் பிராசஸர், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், இந்த மூணையும் ஒண்ணுக்கொண்ணு பேச வைக்கப் போராடிக்கிட்டிருந்தேன். "நாலு வயர் சொருகுற வேலைக்கு ரெண்டு மாசமாய்யா?"ன்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. ஆனா அந்த நாலு வயருக்குப் பின்னாடி ஒரு நூத்தம்பது வருஷக் கதை இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஊர்

வீ.கே.புதூர்னு சொன்னாத்தான் எங்க பக்கம் பஸ்காரருக்கே புரியும். சுரண்டைக்குப் பக்கம். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் திருநெல்வேலி ஜில்லாதான். குற்றாலத்துல சாரல் அடிச்சா எங்க ஊர்ல காத்து அடிக்கும். தண்ணி அவங்களுக்கு, காத்து எங்களுக்கு :-)

ஆனா ஊற்றுமலை ஜமீனோட அரண்மனை இருந்த ஊர் இது. ஜமீன் பேரு ஊற்றுமலை, ஜமீன்தார் இருந்ததோ வீரகேரளம்புதூர். இருதயாலய மருதப்பத் தேவர் காலத்துல இங்கே புலவர்களுக்குக் குறைச்சலே இல்லை. அதுல ஒருத்தர்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன் மேல காவடிச் சிந்து பாடினவர். காவடி எடுத்துக்கிட்டுக் கழுகுமலைக்கு நடந்து போறப்போ, வழிநடைக்காகப் பாடின பாட்டுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. அந்தத் தாளத்துக்கு நடந்து பார்த்தா அது பொய்யா இருக்க முடியாதுன்னு தோணும். கால் தானா எட்டு வைக்கும்.

இதுல எனக்கு எப்பவும் உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. ரெட்டியார் முப்பது வயசைத் தொடாமலே போயிட்டார். எடிசன் ஃபோனோகிராஃப் செஞ்சது 1877. அப்போ ரெட்டியார் சின்னப் பையன். கிராமஃபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவுல கௌஹர் ஜானைப் பாட வெச்சுப் பதிஞ்சது 1902. அதுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடியே இவர் போய்ச் சேர்ந்தாச்சு. பாட்டு எழுத்துல நின்னுச்சு, அச்சுல வந்துச்சு. ஆனா அவர் எந்த இடத்துல இழுத்தார், எந்த இடத்துல மூச்சு விட்டார்ங்கிறது வாய் வழியாத்தான் வந்து சேரணும். அப்பன் பாடி மகன் கேட்டு, மகன் பாடிப் பேரன் கேட்டு. நடுவுல ஒருத்தன் காதை மூடிக்கிட்டா அவ்வளவுதான்.

எங்க வீட்ல காதை மூடிக்கிட்டவன் நான்.

கொசுவத்தி

எங்க தாத்தா காவடிக் கூட்டத்துல முன்பாட்டுப் பாடுறவர். துபாய்லேர்ந்து வந்த மாமா ஒரு டூ-இன்-ஒன் வாங்கிட்டு வந்தார். 1987ல ஒரு நாள் ராத்திரி, முத்தத்துல தாத்தாவை உக்கார வெச்சு ஒரு கேசட்டுல பதிஞ்சார். ஒரு பக்கம் முழுக்கச் சிந்து. கேசட் முதுகுல ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதை ஒடிச்சுட்டா அதுமேல மறுபடி பதிய முடியாது. மாமா விவரமானவர், ஒடிச்சு வெச்சிருந்தார். 1990ல தாத்தா தவறிட்டார்.

1992ல 'ரோஜா' வந்துச்சு. எதுத்த வீட்டு அண்ணன்கிட்ட கேசட்டும் இருந்துச்சு, டபுள் டெக்கும் இருந்துச்சு. என்கிட்ட காலி கேசட் இல்லை. ஒடிஞ்ச பல்லு மேல செல்லோ டேப் ஒட்டினா பதியலாம்ங்கிறது அப்போ எல்லாப் பசங்களுக்கும் தெரிஞ்ச தொழில்நுட்பம். ஒட்டினேன்.

மிச்சத்தை நீங்களே புரிஞ்சுக்குவீங்க. வீட்ல யாரும் அடிக்கலை. அப்பா கேசட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டார். அடிச்சிருந்தா மறந்து போயிருக்கும்.

கெட்டுப்போன சத்தத்துக்கு வந்த மவுசு

சரி, கிடார் கதைக்கு வருவோம். மின்சார கிடார் 1930களோட தொடக்கத்துல வந்தது. கம்பி அதிர்றதைக் காந்தமும் சுருளும் சேர்ந்து மின்சாரமா மாத்தும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருசாக்கும். சத்தம் தெளிவா இருக்கணும்கிறதுதான் முப்பது வருஷமா எல்லாருக்கும் குறிக்கோள்.

அமெரிக்காவுல நாஷ்வில்லுல மார்ட்டி ராபின்ஸ்னு ஒரு பாடகரோட ஒலிப்பதிவு. 1961ல வெளியான பாட்டு. கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிடார், மிக்ஸிங் கன்சோல்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப் போனதால பொரபொரன்னு கிழிஞ்ச சத்தமா விழுந்துச்சு. திரும்பப் பதியாம அப்படியே வெளியிட்டாங்க. பாட்டு ஹிட்! அந்தக் கோளாறு மாதிரியே சத்தம் வேணும்னு மத்தவங்க கேட்க ஆரம்பிச்சாங்க. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, கோளாறையே ஒரு சர்க்யூட்டாக் கட்டினார். அது கிப்சன் கம்பெனி கைக்குப் போய், 1962ல 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' பெடலா வந்துச்சு. 1965ல ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு பாட்டுல அதை மிதிச்சதும் உலகமே மிதிச்சுச்சு.

அப்புறம் வரிசை கட்டிச்சு. ஆர்கன் செய்யுற ஒரு கம்பெனியில 1966ல பிராட் பிளங்கெட்ங்கிற இன்ஜினியர் கண்டுபிடிச்ச வா-வா பெடல். 1975ல ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஆம்ப், அதோட கோரஸை மட்டும் தனியா எடுத்து 1976ல பாஸ் கம்பெனி போட்ட பெடல். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு டப்பா, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பேட்டரி.

இந்த டப்பாக் கூட்டத்தை ஒரே பொட்டிக்குள்ள அடைச்சதுதான் பிராசஸர். கம்பியிலேர்ந்து வர்ற மின்சாரத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக்கிட்டா, ஃபஸ், எக்கோ, கோரஸ் எல்லாமே கூட்டல் பெருக்கல் கணக்குத்தான். 1990ல ஜூம் கம்பெனி கிடார் வார்ல மாட்டிக்கிற அளவுக்கு ஒரு பொட்டி போட்டாங்க. 1998ல லைன் 6 கம்பெனியோட 'பாட்', சிவப்பா அவரைக்கொட்டை மாதிரி இருக்கும், ஆம்ப்ளிஃபயரையே கணக்காக்கி உள்ள வெச்சுட்டாங்க. 2000களோட நடுவுல பிராசஸர்லயே யுஎஸ்பி வாய் வந்துச்சு.

கோடம்பாக்கம் பக்கம்

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? ரொம்ப காலம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒண்ணா உக்காந்து, ஒரே மூச்சுல பதியணும். ஐம்பது பேர்ல ஒருத்தர் தப்பு பண்ணினாலும் மொதல்லேர்ந்து. இளையராஜா அந்தப் பள்ளிக்கூடத்துல வளர்ந்தவர். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட படிச்சு, கிடார் வாசிக்கிறவரா மத்த இசையமைப்பாளர்கள்கிட்ட வேலை பார்த்துட்டுத்தான் 1976ல 'அன்னக்கிளி'க்கு வந்தார். அதனாலயோ என்னவோ, அவர் பாட்டுல கிடார் ஓரமா நிக்காது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து நிலாப் பாட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. அந்த கிடாரை வாசிச்சவர் ஆர். சந்திரசேகர். நான் கிடார் கத்துக்கிட்டதே அந்த ஒரு பாட்டுக்காக, இன்னிக்கு வரைக்கும் அது முழுசா வரலை. ஹி ஹி.

'ப்ரியா' (1978), ஸ்டீரியோவுல பதிஞ்ச முதல் தமிழ்ப் படப் பாட்டுகள்னு பரவலாச் சொல்றது. அடுத்து 1983ல மிடி வந்துச்சு. வேற வேற கம்பெனி கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பாஷை பேசுறதுக்கு ஒரு ஒப்பந்தம். சீக்வென்ஸர் வெச்சு இசை கோர்த்த ஆரம்பகாலத் தமிழ்ப் படங்கள்ல ஒண்ணு 'புன்னகை மன்னன்' (1986). அந்த வேலையில இளையராஜாவோட கீபோர்டுல இருந்த இளைஞர் பேர் திலீப். பின்னாடி ஏ.ஆர்.ரஹ்மான்.

ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976ல தவறினப்போ, அவர் வெச்சிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடிச்சு. அந்தப் பையன் பெரியவனாகி வீட்டோட சேர்த்தே 'பஞ்சதன்' ஸ்டூடியோவைக் கட்டினார். ஐம்பது பேர் ஒண்ணா உக்கார வேண்டியதில்லை. ஒருத்தர் ஒருத்தரா வந்து வாசிச்சுட்டுப் போகலாம், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூடப் பதியலாம். ஒலிப்பதிவுக்கு எச்.ஸ்ரீதர் மாதிரி ஒரு மேதை. 1992ல 'ரோஜா'.

ஆமா, அதே 'ரோஜா'தான். வீட்டுக்குள்ளேயே பாட்டு பதியலாம்னு தமிழ்நாட்டுக்குக் காட்டின கேசட்டை வெச்சுத்தான், எங்க வீட்டுக்குள்ள பதிஞ்சிருந்த பாட்டை நான் அழிச்சேன்.

சொருகின கதை

இப்போ விஷயத்துக்கு வரேன். தாத்தா பாட்டு மொத்தமும் தெரிஞ்சவர் எங்க பெரியப்பா ஒருத்தர்தான் மிச்சம். வயசு 76. போன வருஷம் ஒரு ஆபரேஷன், அதுக்கப்புறம் மூச்சு கொஞ்சம் குறைஞ்சிருச்சு. "இப்ப பதியலைன்னா எப்போ?"ன்னு எனக்கே பயம் வந்துச்சு. வெறும் போன்லயே பதியலாம். பதிஞ்சும் வெச்சேன். ஆனா பெரியப்பா சுருதி இல்லாமப் பாட மாட்டேன்னுட்டார். "நீதான் அந்த கிடாரைப் போட்டுத் தட்டிக்கிட்டிருக்கியே, அதை வாசி"ன்னுட்டார்.

அப்படித்தான் இந்தக் கடை விரிச்சது. வரிசை இதுதான்: கிடார், பிராசஸர், இன்டர்ஃபேஸ், யுஎஸ்பி, லேப்டாப். பெரியப்பாவுக்குத் தனியா ஒரு கண்டென்ஸர் மைக், அது இன்டர்ஃபேஸோட இன்னொரு வாயில. அந்த மைக்குக்கு 48 வோல்ட் தனியாக் கொடுக்கணும், இன்டர்ஃபேஸ்லயே அதுக்கு ஒரு பட்டன் இருக்கும்.

முதல் தப்பு: ஆர்வக்கோளாறுல கிடாரை நேரா இன்டர்ஃபேஸோட லைன் வாயில சொருகினேன். சத்தம் கம்பளிக்குள்ள மூடின மாதிரி வந்துச்சு. கிடார் பிக்கப் ரொம்பப் பலவீனமான ஆளு. அது சொருகுற வாய்க்குப் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை இருக்கணும். லைன் வாய்க்கு அவ்வளவு கிடையாது. மேல்சுரங்கள் அங்கேயே செத்துப்போகும். பிராசஸர் நடுவுல இருந்தா இந்தப் பிரச்சனை இல்லை, அதோட வாய் கிடாருக்குன்னே செஞ்சது. அதுலேர்ந்து வெளிய வர்றது தெம்பான சிக்னல், லைன்லயே போகலாம்.

ரெண்டாவது தப்பு: பிராசஸர்ல 'கேபினெட்' கணக்கை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். ஆம்ப்ல சொருகுறப்போ அது வேண்டாம், நிஜ ஸ்பீக்கரே இருக்கு. கம்ப்யூட்டருக்குப் போறப்போ அது கட்டாயம் வேணும். இல்லைன்னா தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்கும்.

மூணாவது என் தப்பு இல்லை, வீட்டோட தப்பு. எல்லாத்தையும் ஆன் பண்ணினா 'ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். நம்ம கரண்ட்டு விநாடிக்கு 50 தடவை ஆடுதுல்ல, அந்த ஆட்டம்தான். கரண்ட்டே தம்பூரா போடுது! லேப்டாப் சார்ஜரைப் புடுங்கி பேட்டரியில ஓட்டினா பாதி குறைஞ்சுச்சு. அப்பவே புரிஞ்சது, எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எங்க வீட்டு மூணாவது பின்னுக்கு வயரே கிடையாதுன்னார். 'சொருகினா எரியுதுல்ல'ன்னு நாற்பது வருஷம் ஓடியிருக்கு. கொல்லையில குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, பைப் இறக்கி எர்த் போட்டோம். இரைச்சல் போச்சு. ஒரு வார்த்தை: நெட்டுல சிலர் 'எர்த் பின்னை வெட்டி விட்டா இரைச்சல் போயிடும்'பாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. கையில இரும்புக் கம்பியும், உதட்டுல மைக்கும். போறது இரைச்சல் மட்டுமா இருக்காது.

நாலாவதுதான் எமன். தாமதம்.

என் குரல் எனக்குப் பின்னாலே

பெரியப்பா காதுல ஹெட்போன் மாட்டி, பாடச் சொன்னேன். ரெண்டு அடி பாடினார், நிறுத்திட்டார். மறுபடி ஆரம்பிச்சார், தாளம் பிசகிச்சு. என் வாழ்நாள்ல அவருக்குத் தாளம் பிசகி நான் பார்த்ததே இல்லை. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, "வயசாயிட்டுல. எனக்கு முடியல"ன்னார்.

அந்த நிமிஷம் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. அவர் மேல தப்பே இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா என்ன தப்புன்னு சட்டுனு புரியலை. "என்ன பெரியப்பா ஆச்சு?"ன்னேன். "ஏல, நான் பாடுதது எனக்குப் பின்னாலயே ஒருத்தன் திரும்பப் பாடுத மாதிரி கேக்கு"ன்னார். எந்த மேனுவலும் இதைவிடத் தெளிவாச் சொல்லாது.

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா எடுக்காது, வாளி வாளியாத்தான் மொள்ளும். அந்த வாளிதான் பஃபர். நான் 1024 வெச்சிருந்தேன். 44,100ஆல வகுத்தா ஒரு வாளி நிறைய 23 மில்லி விநாடி. உள்ள ஒரு வாளி, வெளிய ஒரு வாளி, ஆக மொத்தம் 46. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகும். அப்படின்னா பெரியப்பா குரல் அவருக்குப் பதினஞ்சு மீட்டர் தள்ளி நின்னு கேட்டிருக்கு. தேரோட்டத்துல தெருக்கோடி ஸ்பீக்கரைக் கேட்டுக்கிட்டுப் பக்கத்துல தவில் வாசிக்கச் சொன்னா எப்படி?

பழைய விண்டோஸ்ல இது இன்னும் மோசம். ஒவ்வொரு சத்தமும் விண்டோஸோட சொந்த மிக்ஸர் வழியாப் போய் வந்து நேரம் கடத்தும். அதைச் சுத்திக்கிட்டு நேரா கார்டோட பேச 1997ல ஸ்டைன்பெர்க் கம்பெனி கொடுத்த வழிதான் 'ஆசியோ'. வீட்டு ஸ்டூடியோக்கள் பெருகினதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் இன்டர்ஃபேஸோட ஆசியோ டிரைவரைப் போடாம, விண்டோஸ் கொடுத்ததையே வெச்சு ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன். டிரைவரைப் போட்டு, பஃபரை 128க்கு இறக்கினேன். ஒரு வாளி 3 மில்லி விநாடிக்கும் கம்மி. இன்டர்ஃபேஸ்ல 'டைரக்ட் மானிட்டர்'னு ஒரு சுவிட்ச் இருந்துச்சு. மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமலே நேரா ஹெட்போனுக்குக் கொடுக்கும். அதையும் போட்டேன். ஒன்றரை மாசம் கண்ணு முன்னாடி இருந்த சுவிட்ச்!

பெரியப்பாவை மறுபடி கூப்பிடப் போனா, "விடுல, வேற ஆளைப் பாரு"ன்னார். மூணு நாள் கெஞ்சினேன். "பெரியப்பா, தப்பு உங்க மேல இல்லை, பொட்டி மேல"ன்னு வாளிக் கதையெல்லாம் சொன்னேன். கடைசியில வந்தது எனக்காக இல்லை. "அன்னைக்குக் கேசட்டை அழிச்சவன் நீதான. சரி வா"ன்னுட்டு வந்தார். முப்பது வருஷத்துல இதைப் பத்தி வீட்ல ஒருத்தர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

விடியக்காலம் அஞ்சு மணி. காத்து அடங்கின நேரம், கோயில் ஸ்பீக்கர் போடுறதுக்கு முன்னாடி. ஃபேனை நிறுத்தி, ஜன்னல்ல போர்வை தொங்கவிட்டு ஆரம்பிச்சோம். நான் பெருமையா வா-வா போட்டுக் காட்டினேன். "என்னல இது, எருமை கொட்டாவி விடுத மாதிரி?" எடுத்தாச்சு. ஃபஸ் பத்திக் கேக்கவே வேணாம். கோரஸ் போட்டேன், "சுருதி ஆடுது"ன்னார். உண்மைதான், கோரஸ்னாலே சுருதியைக் கொஞ்சம் ஆட்டி விடுறதுதானே! அறுபது வருஷ எஃபெக்ட் சரித்திரம் ஒண்ணு ஒண்ணாக் கழண்டு, கடைசியில மிஞ்சினது சுத்தமான கிடாரும் ஒரு துளி எக்கோவும். அவர் சுருதி ஒண்ணரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழ நின்னுச்சு. டியூனரை அணைச்சுட்டு அவர் குரலுக்குக் கம்பியை இறக்கினேன். லெவலை உச்சத்துல மைனஸ் 12 டெசிபல் தாண்டாமப் பார்த்துக்கிட்டேன். பழைய டேப்ல முள்ளைச் சிவப்பு வரைக்கும் ஏத்துவோம், இதுல அப்படிப் பண்ணினா கிழிஞ்சிரும்.

பதினொரு சிந்து பாடினார். நாலு இடத்துல மூச்சு வாங்கினார். அதை நான் வெட்டலை.

போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "என் குரலு மாதிரியே இல்ல. எங்க அப்பா பாடுத மாதிரி இருக்கு"ன்னுட்டுக் காப்பி குடிக்கக் கீழ இறங்கிப் போயிட்டார்.

டிஸ்கி 1: ஃபைல் இப்போ மூணு இடத்துல இருக்கு. லேப்டாப்ல ஒண்ணு, தனி ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, சென்னையில தங்கச்சி வீட்ல ஒண்ணு. எதுலயும் செல்லோ டேப் ஒட்ட முடியாது :-)

டிஸ்கி 2: உங்க வீட்லயும் ஒரு பெரியப்பா, ஒரு அத்தை, ஒரு ஆச்சி இருப்பாங்க. தாலாட்டோ, ஒப்பாரியோ, கும்மியோ, ஏதோ ஒண்ணு அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். எல்லாம் வாங்கி, எல்லாம் சரி பண்ணிட்டுத்தான்னு உக்காந்திருக்காதீங்க. முதல்ல போன்ல பதிங்க. வயர் எங்கேயும் போயிடாது.